கறவை மாடும் காலக் கணக்கும்



'மாடு' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஆநிரையே செல்வமாக மதிக்கப்பட்ட காலத்தின் நினைவு அச்சொல்லில் தங்கியிருக்கிறது. இன்றும் நம் சிற்றூர்களில், நிலமில்லாத ஒருவர் வீட்டில் ஒரு கறவைப் பசு நின்றால், அவ்வீட்டை அயலார் சற்று வேறு விதமாகவே பார்க்கின்றனர். மழை பொய்த்து வயல் வேலை இல்லாத மாதத்திலும் பால் பணம் வருகிறது. மளிகைக் கடைக்காரர் அதை நம்பிக் கடன் தருகிறார். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதனின்றே கழிகின்றன. ஆகவே மாடு செல்வம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அச்செல்வத்தை ஈட்ட ஒரு குடும்பம் நாள்தோறும் எவ்வளவு நேரத்தைக் கொடுக்கிறது? அந்நேரம் எந்தக் கணக்கிலாவது ஏறுகிறதா? ஏற்றிப் பார்த்தால் நாம் அறியக்கூடியது யாது? இவற்றைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், பாலைப் பொறுத்தவரை நம் நாடு செய்துள்ள சாதனையைச் சொல்லிவிட வேண்டும். குசராத்தின் கேடா மாவட்டத்து உழவர்கள், தங்கள் பாலுக்கு வணிகர் வைத்ததே விலை என்றிருந்த நிலையை எதிர்த்து, 1946 ஆம் ஆண்டு திசம்பர் 14 ஆம் நாள் ஆனந்த் நகரில் ஒரு கூட்டுறவு ஒன்றியத்தைப் பதிவு செய்தனர். திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவராக நின்று ஊர் ஊராகச் சங்கங்களை அமைத்தார். 1949 இல் அங்கு வந்து சேர்ந்த வர்கீஸ் குரியன் என்ற இளம் பொறியாளர் அவருக்குத் துணையானார். 1965 இல் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் தோன்றியது. 1970 முதல் 1996 வரை 'வெண்மைப் புரட்சி' என்று பெயர் பெற்ற திட்டம் நடைபெற்றது. தமிழகத்தில் 1958 இல் பால்வளத்துக்கெனத் தனித்துறை அமைந்தது. 1981 இல் ஆவின் என்று நாமறிந்த கூட்டுறவு இணையம் உருவாயிற்று. 1990களின் இறுதியில் பால் உற்பத்தியில் இந்தியா உலகின் முதலிடத்தை எட்டியது. 2023-24 ஆம் ஆண்டில் நம் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 23 கோடியே 90 லட்சம் டன். இப்பெரும் அளவில் கணிசமான பகுதி பெரிய பண்ணைகளில் விளைந்ததன்று. ஒன்றும் இரண்டுமாக மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் செம்பு செம்பாகக் கறந்து ஊற்றியது.

அக்குடும்பங்களின் கையில் சங்கம் கொடுத்த பால் அட்டை ஒன்று இருக்கும். அதை நீங்கள் பார்த்திருக்கலாம். தேதி, காலை அல்லது மாலை, எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு, லிட்டர் விலை, மொத்தத் தொகை என்று அதில் கட்டங்கள் இருக்கும். பாலில் உள்ள கொழுப்பை அளப்பதற்கு அறிவியல் எத்தனை நுட்பம் கண்டிருக்கிறது, பாருங்கள்! சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலார் கெர்பர் 1891 இல் வகுத்த முறையில், பாலோடு கந்தக அமிலம் சேர்த்துக் கொழுப்பொழிந்த பிறவற்றைக் கரைத்து, குழாயைச் சுழற்றி, மேலே திரண்ட கொழுப்பை அளவுகோலில் படித்தனர். இன்று பல சங்கங்களில் மின்னணுக் கருவி ஒரு நிமிடத்திற்குள் அதனைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த அட்டையில் ஒரு கட்டம் மட்டும் இல்லை. இப்பாலுக்காக யார், எத்தனை மணி நேரம் உழைத்தார் என்னும் கட்டமே அது.

அக்கட்டத்தை நாமே வரைந்து நிரப்பிப் பார்ப்போம். இரண்டு பசுக்கள் உள்ள ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று கறவையில் இருக்கிறது. மற்றொன்று பால் வற்றி நிற்கிறது. விடியுமுன் எழுந்து சாணம் அள்ளித் தொழுவத்தைக் கழுவ வேண்டும். மடி கழுவிக் கன்றை ஊட்டவிட்டுக் கறக்க வேண்டும். சங்கத்துக்குப் பாலைக் கொண்டுபோய் வரிசையில் நிற்க வேண்டும். தவிடும் புண்ணாக்கும் ஊறவைத்துத் தண்ணீர் காட்ட வேண்டும். பகலில் வரப்புக்கும் ஓடைக்கரைக்கும் போய்ப் புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். பிற்பகலில் மீண்டும் மடி கழுவல், கறவை, சங்கம், தீவனம் என்று அனைத்தும் திரும்புகின்றன. பொங்கலன்றும் இவ்வேலை உண்டு; வீட்டில் ஒருவர் காய்ச்சலாய்ப் படுத்த நாளிலும் உண்டு. பசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

இதற்கு நிமிடக் கணக்கு வைப்போம். இவை விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊருக்கும் வீட்டுக்கும் ஏற்ப இவற்றை மாற்றிக்கொள்ளலாம். இரு வேளையும் கறப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் 60 நிமிடம். சங்கம் சென்று காத்திருந்து திரும்ப 50. தொழுவம் துப்புரவு செய்ய 40. புல்லறுத்துச் சுமந்து வர 90. தண்ணீர் இறைத்துக் காட்ட 40. தீவனம் கலத்தல், மாற்றிக் கட்டுதல், கன்றைப் பேணுதல் ஆகியவற்றுக்கு 20. கூட்டினால் 300 நிமிடம். அதாவது 5 மணி நேரம்.

இனி வரவைப் பார்ப்போம். பசு நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கிறது. லிட்டருக்கு 35 ரூபாய் கிடைக்கிறது என்று கொண்டால் வரவு 280 ரூபாய். இரு மாடுகளுக்கும் சேர்த்து அடர்தீவனம் 6 கிலோ, கிலோ 25 ரூபாய் வீதம் 150 ரூபாய். வைக்கோல், தாது உப்பு, மருந்து ஆகியவற்றுக்கு நாள் சராசரியாக 30 ரூபாய். செலவு 180 போக மிச்சம் 100 ரூபாய். வீட்டார் இங்கேயே கணக்கை முடித்து, 'நாளுக்கு நூறு ரூபாய் இலாபம்' என்கின்றனர். ஆனால் அந்த நூறு ரூபாய் இலாபமன்று. 5 மணி நேர உழைப்பின் கூலி. மணிக்கு 20 ரூபாய் விழுகிறது. 2024-25 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு நிர்ணயித்த நாட்கூலி 319 ரூபாய்; எட்டு மணிக்கு வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 40 ரூபாய். நம் கணக்கில் கண்ட பால் உழைப்பு அதில் பாதியே பெறுகிறது.

இதற்கு ஒரு மறுப்புச் சொல்லக்கூடும். அது நியாயமான மறுப்பே. 'வீட்டுப் பெண்ணின் அந்த நேரத்தை விலை கொடுத்து வாங்குவார் யாருமில்லையே? வேறு வேலை கிடைக்காத ஊரில் 20 ரூபாயும் வரவுதானே? சாணம் வயலுக்கு எருவாகிறது. கன்று வளர்ந்தால் விலை போகிறது. அவற்றை ஏன் சேர்க்கவில்லை?' என்று கேட்பர். சாணத்தையும் கன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலி சிறிது உயரும். ஆனால் விலை கொடுத்து வாங்குவார் இல்லை என்பதனால் ஒரு நேரம் மதிப்பற்றதாகிவிடாது. உறங்க வேண்டிய நேரத்தைச் சந்தையில் யாரும் வாங்குவதில்லை. அதை இழந்தவர் உடலில் அதன் விலை தெரிகிறது. படிக்க வேண்டிய நேரத்துக்கும் அவ்வாறே.

நான் ஊர்ப்புறப் பள்ளிகளில் பணியாற்றிய ஆண்டுகளில், காலைத் தாமதப் பதிவேட்டில் கையொப்பமிடும் கடமை எனக்கு இருந்தது. அதனைத் தொடர்ந்து படித்து வந்தால் ஊரின் பொருளாதாரமே அதில் எழுதியிருப்பது புலனாகும். அறுவடைக் காலத்தில் சில பெயர்கள் வரும். திருவிழாவை ஒட்டிச் சில பெயர்கள் வரும். ஆண்டு முழுவதும் விட்டுவிட்டு வரும் பெயர்களோ பெரும்பாலும் கறவை மாடுள்ள வீட்டுப் பெண் குழந்தைகளின் பெயர்களாக இருந்தன. தாய்க்கு உடல் நலமில்லாத அன்று, புல்லறுப்பதும் சங்கத்துக்குப் பாலூற்றுவதும் மகள் மீது விழும். 'ஏனம்மா தாமதம்?' என்று கேட்டால், 'பாலூத்தப் போனேன் ஐயா' என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நிற்பாள். அவள் இழந்த முதற் பாடவேளையும் அந்தப் பாலின் செலவுதான். அதையும் எந்த அட்டையிலும் எழுதுவதில்லை.

2019 ஆம் ஆண்டில் நம் நாட்டில் நேரப் பயன்பாட்டைப் பற்றி ஓர் அளவீடு எடுக்கப்பட்டது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், அவற்றில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாக அது தெரிவித்தது. இது சமையல், துப்புரவு முதலிய இல்லப் பணிகளின் கணக்கு. மாட்டு வேலை இதன் மேல் ஏறும் சுமை.

அப்படியானால் மாடு வளர்ப்பதைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 5 மணி நேரத்தில் பசு உண்மையில் வேண்டுவது எவ்வளவு, நம் ஏற்பாட்டின் குறையால் வீணாவது எவ்வளவு என்பதே அக்கேள்வி. இதற்கு விடை காணப் பசுவின் சொந்த நாளை நாம் அறிய வேண்டும்.

பசு தன் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 11, 12 மணி நேரம் படுத்திருக்க விரும்பும் விலங்கு. உண்டதை அசைபோடுவதற்கு 7, 8 மணி நேரம் வேண்டும். அதில் பெரும்பகுதியைப் படுத்தபடியே செய்கிறது. ஆகவே உலர்ந்த, நிழலான, படுக்கத் தக்க இடமும், தொல்லை தராமல் விடுவதுமே அதற்கு நாம் செய்யும் பேருதவி. அடுத்தது தண்ணீர். பாலில் 100 க்கு 87 பங்கு தண்ணீர்தான். ஒரு லிட்டர் பால் சுரக்கப் பசு 3, 4 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது; கோடையில் இன்னும் மிகுதி. நாளுக்கு இருமுறை மட்டும் நாம் வாளியில் காட்டும் தண்ணீரைக் குடிக்கும் பசு, தாகத்தோடு பல மணி நேரம் நிற்கிறது. அதன் பாலும் குறைகிறது. இறைத்துக் காட்டுபவர் முதுகும் நோகிறது. எப்போதும் தண்ணீர் நிற்கும் ஒரு தொட்டியைத் தொழுவத்திலேயே அமைத்தால் இரண்டு துன்பமும் ஒருங்கே நீங்கும்.

பால் கறக்கும் நேரத்தைப் பற்றியும் அறிவியல் தெளிவாகச் சொல்கிறது. மடியில் பால் இடைவிடாமல் சுரந்துகொண்டிருக்கிறது. ஆனால் கேட்டவுடன் இறங்குவதில்லை. கன்று முட்டும்போதோ, மடியைக் கழுவித் துடைக்கும்போதோ, பசுவின் மூளையடியிலுள்ள சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் இரத்தத்தில் கலந்து ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மடியை அடைகிறது. அது பால் நுண்ணறைகளைச் சூழ்ந்த தசைகளைச் சுருக்கிப் பாலைக் கீழே தள்ளுகிறது. இதன் ஆற்றல் 5 முதல் 7 நிமிடங்களுக்கு மேல் பெரும்பாலும் நீடிப்பதில்லை. அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். அவ்வேளையில் பசுவை அடித்தாலோ, அதட்டினாலோ, நாய் குரைத்து மிரட்டினாலோ, அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் குறுக்கே நின்று பாலை இறங்கவிடாது. 'மாடு பாலை அடக்கிக்கொண்டது' என்று கிராமத்தார் சொல்வது உண்மையே. ஆகவே கறவையில் அமைதியும் விரைவும் ஒருங்கே வேண்டும். உறக்கம் குறைந்து எரிச்சலோடு அமர்ந்தவரால் இவ்விரண்டையும் தர இயலாது.

களைப்பு பாலைக் குறைக்கும் வழி இது ஒன்று மட்டுமன்று. கை கழுவாமல், மடியைத் துடைக்காமல், அவசரமாக ஒட்டக் கறக்காமல் எழுந்தால் மடிநோய் வரும். அதில் வீக்கமும் வலியும் வெளியே தெரியாத ஒரு வகை உண்டு. பாலை மட்டும் சிறிது சிறிதாகத் திருடிக்கொண்டு போகும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சினையில்லாத பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. அந்நிலை ஒரு நாள் கூட முழுமையாக நிற்பதில்லை. கத்துதல், அமைதியின்மை, கண்ணாடி போன்ற வழும்பு வடிதல் ஆகியவை அதன் அடையாளங்கள். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட் காலையிலும் கருவூட்டல் செய்ய வேண்டும் என்பது விதி. கண்டுகொள்ளத் தவறினால் அடுத்த 21 நாள் பசு வீணே தின்று நிற்கும். நம் கணக்கில் வற்றிய பசுவுக்கு நாட்செலவு 60 ரூபாய் என்றால், ஒரு தவறுக்கு 1,260 ரூபாய் போயிற்று. அடுத்த ஈற்றும் மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. விடியலிலும் அந்தியிலும் கால்மணி நேரம் சும்மா நின்று மாட்டைப் பார்ப்பதும் வேலையே. அதற்குக் களைப்பில்லாத கண் வேண்டும்.

வேலை செய்வோரின் நேரத்தைக் கணக்கெடுத்துப் பால் தொழிலையே மாற்றியமைத்த நாடு ஒன்றை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். அது நியூசிலாந்து. அங்கு ஒரு குடும்பம் பல பசுக்களை வைத்துக்கொண்டு, கூலியாட்கள் அதிகமின்றித் தானே வேலை செய்வது நெடுநாளைய வழக்கம். கறவைப் பொறி வந்த பின்னும், ஒவ்வொரு பசுவிடமும் நடந்து சென்று, குனிந்து, பொறியை மாட்டி, நிமிர்ந்து, மீண்டும் நடக்க வேண்டியிருந்தது. நேரத்தை உண்டவை கறவையைவிட நடையும் குனிவுமே. 1952 இல் வைகாட்டோ பகுதியில் கார்டன்டன் என்னும் ஊரைச் சேர்ந்த ரான் ஷார்ப் என்ற பண்ணையாளர் ஒரு புதுக் கொட்டிலைக் கட்டினார். நடுவே இடுப்பளவு ஆழமுள்ள ஒரு பள்ளம். அதில் கறப்பவர் நிற்பார். இரு பக்கமும் மேடையில் பசுக்கள் மீன் முள் அமைப்பில் சாய்வாக நெருங்கி நிற்கும். பசுக்களின் மடி, நிற்பவரின் கைக்கு நேரே வந்துவிடும். குனிய வேண்டாம், நடையும் சில அடிகளே. இவ்வமைப்பு நாளடைவில் உலகெங்கும் பரவியது. 1969 இல் தாரனாக்கி பகுதியின் எல்தம் என்னும் ஊரில் மெர்வ் ஹிக்ஸ், பசுக்கள் ஏறி நிற்கும் சுழல்மேடையை அமைத்தார். அதில் பசுவே ஆளிடம் வந்து சேர்கிறது.

அந்நாட்டார் இன்னொன்றும் செய்கின்றனர். பெரும்பாலான பசுக்கள் வசந்த காலத்தில் ஒருசேரக் கன்று ஈனுமாறு ஏற்பாடு செய்து, குளிர்காலத்தில் மந்தை முழுவதையும் வற்ற விடுகின்றனர். அதனால் ஆண்டில் சில வாரங்கள் குடும்பத்துக்குக் கறவை வேலையினின்று ஓய்வு கிடைக்கிறது. சிலர் நாளுக்கு ஒருமுறை மட்டும் கறக்கின்றனர். மடியில் பால் நிறைய நிறைய அழுத்தம் மிகுந்து சுரப்பு தளர்வதால், பால் குறையத்தான் செய்யும். பசுவின் இனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப அக்குறைவு மாறும். பெரிய ஃப்ரீசியன் இனத்தைவிட ஜெர்சி இனம் இதனை நன்றாகத் தாங்குகிறது. மறுபுறம் பசுவின் உடல் தேறுகிறது, சினைப்பிடிப்பு எளிதாகிறது, ஆட்செலவு குறைகிறது, பண்ணையாளர் பிள்ளைகளோடு மாலையில் உணவருந்த முடிகிறது. குறைந்த பாலும் குறைந்த உழைப்பும் சேர்ந்து தமக்கு ஆதாயமே என்று கண்டவர் அம்முறையில் நிலைக்கின்றனர்; ஆகாது என்று கண்டவர் விட்டுவிடுகின்றனர். இரு சாராரும் லிட்டரோடு மணியையும் எண்ணியே முடிவு செய்கின்றனர் என்பதே நாம் அறிய வேண்டிய செய்தி.

நியூசிலாந்தின் ஏற்பாட்டை நம் தொழுவத்தில் அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. இரண்டு மாட்டுக்குப் பள்ளம் தோண்டுவதும் சுழல்மேடை அமைப்பதும் நகைப்புக்கிடமாகும். ஆண்டு முழுவதும் பால் பணத்தை நம்பி உண்ணும் குடும்பம் பாலைக் குறைத்துக்கொள்ளவும் இயலாது. ஆனால் அவர்கள் பின்பற்றிய வழி நமக்கும் உரியது. நேரம் எங்கே போகிறது என்று முதலில் எழுதிப் பார். பிறகு இடத்தை மாற்று. நம் பட்டியலை மீண்டும் பாருங்கள். கறவைக்கு 60 நிமிடம்; அதில் கை வைக்கலாகாது. துப்புரவுக்கு 40, அதிலும் கூடாது. பெரும்பொழுதை உண்பவை புல்லும் தண்ணீரும் சங்கத்து நடையுமே.

புல்லுக்கு வழி இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 4, கோ 5 என்னும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வகைகளைத் தந்துள்ளது. கரணை நட்டு ஏறத்தாழ 75 நாளில் முதல் அறுப்பு; பின்னர் 45 நாளுக்கு ஒருமுறை அறுப்பு; ஒருமுறை நட்டால் பல ஆண்டு நிற்கும். தொழுவத்தின் பக்கத்தில், கழுவிய நீர் பாயும் சில சென்ட் நிலத்தில் இதனைப் பகுதி பகுதியாக நட்டு, வேலியோரத்தில் அகத்தியும் வேலிமசாலும் வைத்தால், நாளுக்கு 90 நிமிடம் என்பது 45 ஆகலாம். நிலமில்லாதவருக்கு இது எளிதன்று; ஊர்ப் பொதுநிலத்தில் சங்கமோ ஊராட்சியோ புல்வளர்த்துக் கொடுப்பதே அவர்களுக்கு ஏற்ற வழி. தண்ணீர்த் தொட்டி அமைந்தால் 40 நிமிடம் 10 ஆகும். சங்கத்துக்கு இரு வீட்டார் முறை வைத்து, பெயரெழுதிய தனித்தனிப் பாத்திரங்களில் ஒருவர் பாலை மற்றவர் கொண்டுபோனால் 50 என்பது 25 ஆகும்.

மொத்தம் 100 நிமிடம் மீந்தது. 300 என்பது 200 ஆயிற்று. பால் ஒரு சொட்டும் கூடாவிட்டாலும், அதே 100 ரூபாயை 3 மணி 20 நிமிடத்துக்கு வகுத்தால் மணிக்கு 30 ரூபாய். தாகமின்றிப் பசும்புல் தின்ற பசு ஒரு லிட்டர் கூடக் கறப்பதாகக் கொண்டால், வரவு 315, அந்த லிட்டருக்கு வேண்டிய தீவனத்துக்குப் 10 ரூபாய் கூட்டிச் செலவு 190, மிச்சம் 125, மணிக்கு 37 ரூபாய் 50 காசு. ஏறக்குறைய இரு மடங்கு. கணக்குப் பாடத்தில் பின்னம் படித்த உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தொகுதியைப் பெருக்கினாலும் மதிப்பு உயரும். பகுதியைக் குறைத்தாலும் உயரும். பாலைப் பெருக்கும் வழியை மட்டுமே நாம் எப்போதும் பேசுகிறோம். நேரத்தைக் குறைக்கும் வழியை மறந்துவிடுகிறோம்.

எந்த நேரத்தைக் குறைக்கலாகாது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கன்று பிறந்த ஓரிரு மணிக்குள் சீம்பாலைக் குடிக்கச் செய்ய வேண்டும். நோயெதிர்ப்புப் பொருளை ஏற்கும் ஆற்றல் கன்றின் குடலில் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகிறது. கறந்து முடித்ததும் பசு அரை மணி நேரமேனும் படுக்காமல் நிற்க வேண்டும். காம்பின் துளை உடனே மூடிக்கொள்வதில்லை. இதற்குத் தனி நேரம் வேண்டியதில்லை. முன்னே போடும் புல்லைக் கறந்த பின்னே போட்டால் போதும். பசு கன்று வீசினால் அவ்வுறுப்புகளை வெறுங்கையால் தொடலாகாது. மனிதரைப் பல மாதம் காய்ச்சலில் கிடத்தும் நோய் அவ்வழியே பற்றக்கூடும்.

இறுதியாக ஒன்று. மீந்த அந்த 100 நிமிடம் யாருக்குச் சேர வேண்டும்? ஓராண்டுக்குக் கூட்டினால் அது 600 மணிக்கு மேல். எட்டு மணி வேலை நாளாகக் கணக்கிட்டால் 76 நாள். அதைக் கொண்டு இன்னொரு மாடு வாங்கிக் கட்டி, பழைய சுமையைத் திரும்பவும் அதே பெண்ணின் தலையில் ஏற்றினால், நம் கணக்கின் பயன் அவளுக்குக் கிட்டாது. தாய் சற்று உறங்கவும், மகள் முதற் பாடவேளைக்கு வந்து சேரவும் அது பயன்பட வேண்டும். வீட்டிலுள்ள ஆண்களும் காலைத் துப்புரவையோ மாலைக் கறவையையோ தம் பங்காக ஏற்க வேண்டும். பால் பணம் எல்லோருக்கும் பொது என்றால், பாடும் எல்லோருக்கும் பொதுவாவதே முறை.

மாடுள்ள வீட்டு மாணவ மாணவியர் ஒரு வாரம் இதனைச் செய்து பாருங்கள். ஒரு தாளில், வேலை, செய்தவர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்று நான்கு கட்டம் வரைந்து, நாள்தோறும் நிரப்புங்கள். பால் அட்டையின் அதே வாரத் தொகையை அதனருகில் வையுங்கள். தீவனச் செலவைக் கழித்து, வந்த மிச்சத்தை மணிகளால் வகுத்துப் பாருங்கள். பிறகு, அந்தத் தாளை வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் இருக்கும்போது படித்துக் காட்டுங்கள். எந்த வேலையை எங்கே மாற்றலாம் என்பதை உங்கள் வீட்டுத் தொழுவத்தை அறிந்த அவர்களே நன்றாகச் சொல்வார்கள். மாடில்லாத வீட்டு மாணவர்கள், நாளைக் காலை பாலை வாங்கும்போது, அந்த ஒரு லிட்டருக்குள் ஒருவருடைய அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.